தூணும் தோணியும்

கோயில் உண்டு, கும்பிடுவோர் இல்லை. தூண் உண்டு, மண்டபம் உண்டு, படிக்கட்டு உண்டு. பூசாரி இல்லை, மணியோசை இல்லை, தட்டில் விழும் காசும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு பளிங்குச் சிலை நிற்கும். அதற்கு நீராட்டும் கிடையாது, படையலும் கிடையாது. வெயிலுக்கு ஒதுங்கவும், விருந்தினரை அழைத்துச் சென்று பெருமை பேசவும் மட்டுமே அந்தக் கோயில்!

பகுத்தறிவாளர் கட்டியதோ என்று ஐயுற வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டுப் பிரபுக்கள் தங்கள் மாளிகைத் தோட்டங்களிலே ஒப்பனைக்காக எழுப்பி வைத்த கோயில்கள் அவை. ஸ்டவர்ஹெட் என்னும் தோட்டத்தில், வங்கி நடத்திய ஹோர் குடும்பத்தார் ஓர் ஏரியை வெட்டி, அதன் கரையில் ரோமாபுரிக் கோயில்களைப் போல் மண்டபங்களைக் கட்டி, ஒன்றில் எர்க்குலிசின் சிலையை நிறுத்தினர். ஹாக்லித் தோட்டத்தில் 1758-இல் ஏதென்சு நகரத்துக் கோயிலொன்றின் முகப்பைப் பார்த்து அதேபோல் ஒரு முகப்பை எழுப்பினர். ஷக்பரோத் தோட்டத்துக் கிரேக்க மண்டபங்களுக்குப் பணம் வந்த வழி இன்னும் சுவையானது. அந்த வீட்டுத் தம்பி ஆன்சன், கடற்படைத் தலைவர். 1743-இல் மணிலாவை நோக்கிச் சென்ற இசுப்பானியக் கப்பலை மடக்கி, அதன் வெள்ளியை வாரி வந்தார். கடலில் பறித்தது கரையில் கலையாயிற்று!

வேடிக்கை இதோடு நிற்கவில்லை. புதுக் கோயில் அலுத்துப் போனவர்கள், பாழடைந்த கோயிலைப் புதிதாகவே கட்டினார்கள். ஹாக்லியிலே இடிந்த கோட்டை போல ஒன்று. வியன்னா நகரத்து ஷோன்பிரன் அரண்மனைத் தோட்டத்திலே 1778-இல் ரோமானியப் பாழ் என்று ஒன்று. கொத்தனுக்குக் கூலி கொடுத்துச் சுவரை எழுப்பி, எழுப்பும்போதே இடிந்ததுபோல் எழுப்பச் சொன்ன செல்வத்தை என்னென்பது! உண்மையான பாழை அறியாதவர்களுக்கே பாழ் ஓர் அழகாகத் தோன்ற முடியும்.

இந்தத் தோட்ட மோகம் நம் முத்துக்கடலின் கரைக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று நேர் கிழக்கே நோக்கினால் கண்ணுக்கு எட்டியவரை நீர். அதே கோட்டில் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் இலங்கையின் மேற்குக் கரை, மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்னும் சிற்றூர், அருகே சிலாவத்துறை. இடையே கிடக்கும் வளைகுடாவின் இரு ஓரங்களிலும் முத்துச்சிப்பி விளையும் பார்கள் உண்டு. நம் பக்கத்துப் பார் விளைந்தால் தூத்துக்குடியில் சலாபம். அந்தப் பக்கத்துப் பார் விளைந்தால் அரிப்பில் சலாபம். முத்துக்குளிப்பைச் சலாபம் என்றே இக்கரையும் அக்கரையும் வழங்கின. சிலாவத்துறை என்பதே சலாபத்துறை என்பதன் திரிபு என்பர். எங்கே சலாபம் கூடினாலும் குளிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கூட்டந்தான்: தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர், கீழக்கரைப் பக்கத்து முசுலிம்கள். பாசுபோர்ட்டும் எல்லைக்கோடும் இல்லாத காலத்தில் இந்தக் கடல் அவர்களுக்கு ஒரே வயல்.

1796-இல் ஆங்கிலேயர் இலங்கைக் கரையை டச்சுக்காரரிடமிருந்து பறித்தனர். பறித்ததும் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, சலாபம் கூட்டியது. 1796, 1797, 1798 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள்! சிப்பி முதிர்ந்து நல்ல முத்துத் தர ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும் என்பது கரையில் விளையாடும் சிறுவனுக்கும் தெரிந்த செய்தி. கருவூலத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. முத்து குவிந்தது, பணம் குவிந்தது. அந்தக் குவியலின் மணம் மாறுமுன், 1798 அக்டோபரில் இலங்கையின் முதல் ஆங்கில ஆளுநராக வந்து இறங்கினார் பிரெடரிக் நார்த்.

யார் இந்த நார்த்? அமெரிக்கக் குடியேற்றங்களை இங்கிலாந்து இழந்தபோது தலைமை அமைச்சராக இருந்தாரே நார்த் பிரபு, அவருடைய மகன். தந்தை ஒரு கண்டத்தை இழந்தார். மகனுக்கு ஒரு தீவு கிடைத்தது! இவர்கள் குடும்ப மாளிகையின் பெயர் ராக்ஸ்டன். அதன் தோட்டத்திலே பாட்டனார் காலத்திலேயே மேட்டின்மீது ஒரு கோயில், இளவரசர் ஒருவர் அந்தப் பக்கம் வந்து போனதன் நினைவாக 1739-இல் ஒரு கூர்முனைக் கல்தூண், கோட்டைக் கொத்தளம் போன்ற தோற்றத்தில் ஒரு புறாக்கூடு. புறாவுக்கும் கொத்தளம் கட்டிய குடும்பம்!

பேரர் நார்த்துக்குக் கிரேக்கப் பித்து. 1791-இல் கார்பூத் தீவுக்குச் சென்று கிரேக்கத் திருச்சபையிலேயே சேர்ந்துவிட்டார். பிற்காலத்தில், 1824-இல், அதே தீவில் ஒரு கல்விக்கழகத்தை நிறுவி, பண்டைக் கிரேக்கரைப் போல் அங்கி உடுத்தி உலவினார். கல்விக்கழகம் நல்ல செயல். அதைக் குறை கூற மாட்டோம். ஆங்கிலப் பிரபுக்களுள் நூலை நேசித்தவர் இவர். ஆனால் அந்த நேசம் நம் கரையில் எந்த வடிவம் எடுத்தது என்பதே நம் கேள்வி.

1801-இல் அரிப்புக் கடற்கரையில் ஒரு மாளிகைக்குக் கடைக்கால் இட்டார் நார்த். 1804-இல் முடிந்தது. இரண்டு தளம், கடலை நோக்கிய முகப்பு, டோரிக் தூண்கள். கிரேக்கக் கட்டடக் கலையில் தூண் மூவகை என்று வரலாற்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். கொரிந்தியத் தூணின் தலையில் இலைக்கொத்து. அயோனியத் தூணின் தலையில் சுருள். டோரிக் தூணின் தலையில் எதுவும் இல்லை. மூன்றிலும் பழையது, பருத்தது, எளியது அதுவே. அந்தத் தூணின் பெயரே மாளிகைக்கும் ஆகி, ‘டோரிக்’ என்றே வழங்கலாயிற்று. கொழும்பில் பாதிரியாராக இருந்த கார்டினர், தீவிலேயே மிக அழகிய கட்டடம் இதுதான் என்று தம் நூலில் வியந்தார்.

கிரேக்கத்தில் அந்தத் தூண் பளிங்கு. அரிப்பில் பளிங்குக்கு எங்கே போவது? செங்கல்லை அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசி, மெருகேற்றினார்கள். நம் கடற்கரைகளில் சுண்ணாம்பு எதிலிருந்து வந்தது என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. சிப்பியும் சங்கும் பவளக்கல்லும் சூளையில் வெந்துதான் சுண்ணாம்பு ஆகும். கடலின் எலும்பைச் சுட்டுக் கிரேக்கத்தின் தோலைச் செய்தார்கள்.

இந்த மாளிகையில் ஆளுநர் குடியிருந்தாரா? இல்லை. அவர் குடியிருப்புக் கொழும்பில். சலாபம் நடப்பது பிப்ரவரி, மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் சில வாரங்கள். அந்தச் சில வாரங்களும் எல்லா ஆண்டிலும் வாய்க்காது. மாடியில் காற்று வாங்கியபடி தோணிகள் திரும்பி வருவதை மேற்பார்வை பார்க்க ஒரு கிரேக்கக் கோயில்! சுற்றிலும் முள்ளும் மணலும். பூந்தோட்டத்துக்கு ஒப்பனையாக அமையும் மண்டபத்தைத் தோட்டமே இல்லாத பொட்டலில் நட்டார்கள். தோட்டத்துக்குப் பதிலாகக் கடல். ஏரிக்குப் பதிலாக முத்துப்பார். சிலைகளுக்குப் பதிலாக மூச்சடக்கி இறங்கும் கருத்த மனிதர்கள்.

1801 என்று எழுதும்போது எழுதுகோல் ஒரு கணம் தயங்குகிறது. அந்த ஆண்டு நம் கரையில் என்ன நடந்தது? தூத்துக்குடிக்கு வடமேற்கே சில கல் தொலைவில் பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய தம்பி ஊமைத்துரை, இடிந்து கிடந்த மண்கோட்டையைச் சில நாட்களுக்குள் மீண்டும் எழுப்பினான். மே 24-இல் அது வீழ்ந்தது. வீழ்ந்த கோட்டையைத் தரையோடு தரையாக்கினர். உழுது ஆமணக்கு விதைத்தனர் என்று இன்றும் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் தமிழன் மண்ணால் கட்டியதை இடித்த அதே ஆண்டில், அந்தப் பக்கம் ஆங்கிலேயன் செங்கல்லை அடுக்கத் தொடங்கினான். ஏதென்சு நகரத்துப் பார்த்தெனான் கோயிலின் சிற்பங்களை எல்ஜின் பிரபுவின் ஆட்கள் பெயர்க்கத் தொடங்கியதும் அதே 1801. உண்மையான டோரிக் கோயிலை ஒருவர் உரிக்கிறார். அதன் சாயலை இன்னொருவர் ஊன்றுகிறார். இருவரும் கிரேக்கத்தைக் காதலித்தவர்களே!

சென்னையிலும் அதன் எதிரொலி கேட்டது. 1802-இல், ஆளுநர் மாளிகைத் தோட்டத்திலே, அகன்ற படிக்கட்டும் வரிசைத் தூண்களும் கொண்ட விருந்து மண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. கட்டியவர் கோல்டிங்காம், கட்டுவித்தவர் இராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ். பிளாசியிலும், 1799-இல் திப்புவை வீழ்த்திய சீரங்கப்பட்டணத்திலும் பெற்ற வெற்றிகளுக்கு நினைவு மண்டபம் அது. வெற்றிக் களியாட்டத்துக்காகக் கட்டிய அதே படிகளில்தான், 1969-இல் அண்ணாவின் உடலைக் கண்ணீரோடு மக்கள் கண்டார்கள். இராசாசி மண்டபம் என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கட்டடத்தின் கதையை யாரேனும் விரிவாக எழுதவேண்டும். நாம் அரிப்புக்குத் திரும்புவோம்.

அழகு என்று கார்டினர் வியந்த மாடியிலிருந்து என்ன தெரிந்திருக்கும்? அவர் காலத்தவர் எழுதி வைத்த செய்திகளிலிருந்தே அதைக் கூட்டிப் பார்க்கலாம்.

நள்ளிரவுக்கு முன்பே பீரங்கி முழங்கும். கரைக்காற்றில் பாய் விரித்துத் தோணிகள் புறப்படும். விடியும்போது பாரின்மேல் நங்கூரம். ஒரு தோணியில் பத்துக் குளியாட்கள், ஐந்து கற்கள். ஐவர் இறங்க, ஐவர் இளைப்பாறுவர். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி, மூக்கைப் பொத்தி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம் வரை இறங்கவேண்டும். அடியில் இருப்பது ஒரு நிமிடம், கூடினால் சற்று அதிகம். அந்த ஒரு நிமிடத்துக்குள் கழுத்தில் தொங்கும் வலைப்பையில் கைக்கு எட்டிய சிப்பியை வாரிப் போட்டுக் கயிற்றைச் சுண்டினால், மேலே இருப்பவன் இழுப்பான். கயிற்றைப் பிடிப்பது மைத்துனனாக இருக்கவேண்டும் என்று நம் கரையில் ஒரு பேச்சு உண்டு. அக்காள் தாலிக்கு அவன் கைதானே காவல்! இப்படி நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முறை. மேலே வரும்போது மூக்கிலும் காதிலும் குருதி கசியும் என்று எழுதினார் பெர்சிவல் என்னும் படைத்தலைவர். துடைத்துக்கொண்டு மறுபடியும் இறங்குவார்கள் என்பதையும் அவரே எழுதினார்.

நண்பகலில் கடற்காற்று எழும், தோணிகள் திரும்பும். சிப்பிகளை வேலியடைத்த கொட்டுகளில் குவித்து அழுகவிடுவார்கள். ஈ மொய்க்க, புழு நெளிய, நாற்றம் கல் தொலைவுக்கு வீசும். பிறகு கழுவி, அரித்து, முத்தைப் பொறுக்குவார்கள். வேலையாள் எவனாவது முத்தை விழுங்கியிருப்பான் என்று ஐயம் வந்தால், அவனை அடைத்து வைத்து வாந்தி மருந்தும் பேதி மருந்தும் கொடுப்பார்கள். கிரேக்கத் தூணின் நிழலில் நடந்த நாகரிகம் இது.

1804-ஆம் ஆண்டுச் சலாபத்தை யாழ்ப்பாணத்தார் ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். முப்பது நாட்கள், 150 தோணிகள்; அரசுக்கு அவர் தர ஒப்பிய தொகை 1,20,000 பவுன் என்று கார்டினர் கணக்கு எழுதினார். தோணி எத்தனை, கல் எத்தனை, நாள் எத்தனை, பணம் எத்தனை, எல்லாம் இருக்கின்றன. தோணிக்குப் பத்தென்றால் ஆயிரத்து ஐந்நூறு குளியாட்கள். அவர்களுள் ஒருவர் பெயரேனும் அந்தக் கணக்கில் ஏறவில்லை.

இன்னொரு கூத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லிக் கரையில் நின்று மந்திரம் முணுமுணுப்பவர்களுக்குக் கடல்கட்டி என்று பெயர். மார்க்கோ போலோ காலத்திலேயே அந்தத் தொழில் இருந்தது. அன்று அதைச் செய்தவர்கள் பார்ப்பனர் என்றும், மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கும் போயின என்றும் அவர் எழுதினார். ஐந்து நூற்றாண்டு கழித்து, அறிவியலும் அச்சுப்பொறியும் கொண்டுவந்த ஆங்கில அரசு என்ன செய்தது? மந்திரத்தை நகைத்தது, ஆனால் மந்திரக்காரனுக்குச் சம்பளம் கொடுத்தது! அவன் முணுமுணுக்காவிட்டால் குளியாட்கள் இறங்கமாட்டார்களே! சாக்ரடீசின் நாட்டுத் தூணை நட்டவர்கள், சுறாவுக்கு மந்திரம் ஓதக் கூலி எழுதினார்கள். மூடநம்பிக்கை ஆள்வோருக்கு இலாபம் தருமானால் அதைக் கலைக்க எந்த ஆட்சியும் முந்திக்கொள்வதில்லை.

வெள்ளையனை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நம்மவரை விடுவித்தால் வரலாறு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். கொற்கை முத்தைப் பாடாத புலவர் இல்லை. அந்தக் கொற்கையைக் கி.பி. முதல் நூற்றாண்டில் அறிந்திருந்த கிரேக்க மாலுமி ஒருவர், பாண்டியன் நாட்டு முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை இறக்கினார்கள் என்று தம் பயண நூலில் குறித்தார். முத்துக்கும் மிளகுக்கும் பட்டுக்கும் ரோமாபுரியின் பொன் கிழக்கே ஓடுகிறதே என்று பிளினி புலம்பியபோது, நம் நாட்டில் அந்தப் பொன் யார் கையில் சேர்ந்தது? மூழ்கியவன் கையில் அன்று. 1806-இல் தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்குப் பொன்தேர் ஓடத் தொடங்கியது. தேரை இழுத்த தோள்கள், கயிற்றைப் பிடித்துக் கடலில் இறங்கிய தோள்கள்தாம். தேரின் அழகை நாம் மறுக்கவில்லை. மன்னன் மாறினான், மதம் மாறிற்று, கொடி மூன்று முறை மாறிற்று. கல்லின்மேல் கால் வைத்தவனின் பங்கு மட்டும் அதிகம் மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கே அவனுக்கு.

மாளிகை என்ன ஆயிற்று? வாரிய பார்கள் வெறுமையாயின. ஆண்டுக்கணக்கில் சலாபம் இல்லாமல் போவதும், திடீரென்று ஓராண்டு விளைவதும், மறுபடி வறள்வதுமாக நூறாண்டு கழிந்தது. 1906-இல் ஒரு கம்பெனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அது கடையைக் கட்டியது. கூரை போயிற்று, மாடி போயிற்று, கடல் கரையைத் தின்றுகொண்டே வந்து மாளிகையின் காலடியைத் தொட்டது. ஊரின் பெயரும் அரிப்பு, கடல் செய்வதும் அரிப்பு! கடல்பக்கச் சுவர்கள் சரிந்து மணலில் கிடக்கின்றன. எஞ்சியவை சில சுவர்களும், சாந்து உதிர்ந்து செங்கல் தெரியும் தூண்களும். பணம் கொடுத்துப் பொய்ப் பாழ் கட்டிய பிரபுக்களின் வழியில் வந்தவருக்கு, பணம் வாங்காமல் மெய்யான பாழைக் கட்டிக் கொடுத்தது மன்னார்க் கடல்.

அந்த ஊர்த் தமிழ் மக்கள் அதை டோரிக் என்று சொல்வதில்லை. நார்த்தின் மாளிகை என்றும் சொல்வதில்லை. அல்லிராணி கோட்டை என்கிறார்கள்! ஆடவரின் ஆணைக்கு அடங்காமல் ஆட்சி செய்தாள் என்று நம் நாட்டுப்புறக் கதை போற்றும் அந்தப் பாண்டிய நாட்டு அல்லி, முத்துக்கரையையும் ஆண்டாள் என்பது அங்கே வழங்கும் கதை. வடக்கிலிருந்து வந்த அருச்சுனன் சூழ்ச்சியால் அவளை மணந்தான் என்று கதையின் பிற்பகுதி சொல்வதை நம் தாய்மார்கள் எப்படிப் பொறுத்துக் கேட்டார்களோ, அது தனிக் கதை. வரலாறு கற்பிப்பவர் என்ற முறையில் அல்லி அதைக் கட்டவில்லை என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். கட்டடம் 1801-இல் தொடங்கியது, கட்டுவித்தவர் நார்த். ஆயினும் அவர் பெயரை நாவில் ஏற்ற மறுத்துத் தங்கள் அரசியின் பெயரைச் சூட்டிய அந்த மக்களைத் திருத்த நமக்கு மனம் வரவில்லை.

இடியட்டும், கடலில் போகட்டும், நமக்கென்ன என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். பாஞ்சாலங்குறிச்சியை உழுதவர்களின் கட்டடந்தானே! அந்தச் சினம் நமக்கும் உண்டு. 1974-இல் கலைஞர் ஆட்சியில் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுந்தபோது தமிழகம் மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சியும் நியாயமானதே. ஆனால் அரிப்பு மாளிகை இடிந்தால் மறைவது நார்த்தின் பெயரன்று. அவர் பெயர் கார்பூவில் இருக்கிறது, ஆளுநர் பட்டியலில் இருக்கிறது, பாட நூலில் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு பேர் மூச்சடக்கி இறங்கிய அந்தக் கடலின் கரையில், அவர்கள் உழைப்பின் விலை என்ன என்று தூணாக நின்று காட்டும் சான்று மறையும். இலங்கை அரசின் தொல்லியல் துறை அதைக் காக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருக்கிறது. அலைக்கு அந்த அறிவிப்பைப் படிக்கத் தெரியாது. சுவர் நிற்கும்போதே அளந்து, வரைந்து, படமெடுத்து வைக்கட்டும். நார்த்தின் பெயருக்குப் பக்கத்தில் தூத்துக்குடி, கீழக்கரைக் குளியாட்களின் தொழிலையும் ஒரு பலகையில் எழுதட்டும்.

நம் கரையில் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அதற்கும் காலம் குறுகி வருகிறது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிச் சலாபத் தொடர். அதற்குப் பிறகு பார் விளையவில்லை. 1973-இல் தூத்துக்குடி ஆய்வாளர்கள் சிப்பிக்குள் மணியைப் புகுத்தி முத்தை வளர்த்துக் காட்டினார்கள்; மூச்சடக்கும் தொழில் சங்கு குளிப்போரிடம் எஞ்சியது. 1961-இல் இருபது வயதில் கல்லின்மேல் கால் வைத்தவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். கடற்கரைத் தெருக்களில், திண்ணைகளில், காது மந்தமாகி உட்கார்ந்திருப்பார் சிலர். மாணவர் கையில் ஏட்டைக் கொடுத்து அவர்களிடம் அனுப்பலாம். கேட்க வேண்டியவை எளியவை. உங்கள் தோணியின் பெயர் என்ன? கல்லின் எடை எவ்வளவு? எத்தனை பாகம் இறங்கினீர்கள்? அடியில் என்ன தெரிந்தது? கயிற்றைப் பிடித்தவர் யார்? உங்களோடு இறங்கியவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள், ஐயா. ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்.